உங்கள் காருக்கு மாற்றுச் சாவி உண்டா?

கெடா மாநிலத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றிற்கு அலுவல் காரணமாகச் சென்றிருந்தபொழுது, லயத்தின் முன்னே கார் ஒன்று நிற்கக் கண்டேன். அதன் கூரையின் மீதும் கண்ணாடியின் மீதும் காய்ந்த ரப்பர் இலைகள் படிந்து கிடந்தன. ஆறு நாட்களாக அந்தக் கார் அவ்விடத்தை விட்டு நகரவில்லையாம். எஞ்சினில் பழுதில்லை, எண்ணெயும் போதிய அளவு இருந்தது. சாவிதான் இல்லை. காருக்குரியவர் பால்வெட்டுத் தொழிலாளர். சாவியைக் காற்சட்டைப் பையில் வைத்துக்கொண்டு விடியற்காலையில் வேலைக்காட்டிற்குச் சென்றவர், பால் எடுத்துத் திரும்பும் வழியில் எங்கோ அதைத் தவறவிட்டுவிட்டார். மனைவி மக்களுடன் நிறை நிறையாகத் தேடியும் கிட்டவில்லை.

பட்டணத்திற்குச் சென்று சாவி செய்பவரிடம் விசாரித்தபொழுது, அவர் சொன்ன தொகை இவரைத் திகைக்க வைத்துவிட்டது. "ஐயா, சாவி என்பது ஓர் இரும்புத் துண்டுதானே? வீட்டுச் சாவிக்குச் சில வெள்ளி வாங்குகிறவர், கார்ச் சாவிக்கு மட்டும் பத்து நாள் கூலியைக் கேட்கலாமா?" என்று அவர் என்னிடம் வருத்தத்தோடு வினவினார். இக்கேள்வி அவருக்கு மட்டும் உரியதன்று. இன்று தோட்டப்புறங்களில் கார் வைத்திருப்போர் பலர். அவர்களுள் ஒரே ஒரு சாவியை வைத்துக்கொண்டு காலந்தள்ளுவோரும் பலர். ஆதலால் இச்சாவி எவ்வாறு வேலை செய்கிறது, அதன் விலை ஏன் இவ்வளவு உயர்ந்துள்ளது, அந்தச் செலவை எவ்வாறு குறைத்துக்கொள்ளலாம் என்பதைச் சற்று விளக்கமாக எழுத முற்படுகிறேன்.

சாவிக்குள் இருக்கும் சில்லு

நம் நாட்டின் முதல் தேசியக் காரான புரோட்டோன் சாகா 1985-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் வெளிவந்தபொழுது, அதன் சாவி வெறும் உலோகத் துண்டே. அதனை எந்தச் சாவிக் கடையில் கொடுத்தாலும், அதைப் போன்ற இன்னொன்றைச் சில நிமிடங்களில் இராவித் தந்துவிடுவார்கள். நமக்கு அது வசதிதான். ஆனால் திருடனுக்கும் அதே வசதி இருந்தது. பூட்டை நெம்பி உடைத்து, இரண்டு கம்பிகளை ஒன்றோடொன்று சேர்த்துவிட்டால் எஞ்சின் ஓடத் தொடங்கிவிடும்.

இத்திருட்டைத் தடுக்கக் கார் செய்வோர் பல வழிகளைக் கையாண்டனர். அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் தனது 1986-ஆம் ஆண்டுக் கார்வெட் காரின் சாவியில் மின்தடை ஒன்றைப் பதித்தது. மொத்தம் 15 வகைத் தடைகள் இருந்தன. காருக்குரிய தடை சாவியில் இல்லையேல் எஞ்சின் ஓடாது. பதினைந்தே வகை என்பதால், பொறுமையுள்ள திருடன் ஒவ்வொன்றாக முயன்று பார்க்கலாம் அல்லவா? எனவே 1990-ஆம் ஆண்டுகளில் மின்தடையின் இடத்தைச் சில்லு பிடித்துக்கொண்டது. சில்லு என்பது அரிசி மணியைப் போன்ற சிறியதொரு மின்னணுக் கருவி. பின்னர் அரசாங்கங்களே இதனைக் கட்டாயமாக்கின. ஐரோப்பிய நாடுகளில் 1998 அக்டோபர் முதலும், ஆஸ்திரேலியாவில் 2001 ஜூலை முதலும் புதிய கார்களில் எஞ்சினைத் தடுத்து நிறுத்தும் இவ்வமைப்பு இருந்தே தீரவேண்டும் என்று விதிக்கப்பட்டது. நம் நாட்டுக் கார்களிலும் இது படிப்படியாக இடம்பெற்றது. 2017-இல் வெளிவந்த மூன்றாம் தலைமுறைப் பெரோடுவா மைவியின் எல்லா வகைகளிலும் சாவியைத் துவாரத்தில் நுழைத்துத் திருகும் வேலையே இல்லாமற்போய், பொத்தானை அழுத்தி எஞ்சினை ஓட்டும் முறை வந்துவிட்டது.

இச்சில்லு செய்யும் வேலையை எடுத்துக்காட்டு ஒன்றால் விளக்கலாம். தோட்டத்து ஸ்டோரின் வாயிலில் காவலாளி ஒருவர் நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். உள்ளே வருபவரின் முகத்தை அவர் பார்ப்பதில்லை. ஓர் எண்ணை மட்டும் சொல்கிறார். வருபவர் தமக்கும் காவலாளிக்கும் மட்டுமே தெரிந்த ஓர் இரகசியக் கணக்கின்படி அந்த எண்ணை மாற்றி விடை சொல்லவேண்டும். ஒவ்வொரு முறையும் எண் வேறு. ஆதலால் விடையும் வேறு. நேற்று ஒளிந்திருந்து விடையைக் கேட்டவனுக்கு இன்று அது பயன்படாது.

காரினுள்ளும் இதுவே நிகழ்கிறது. சாவித் துவாரத்தைச் சுற்றி மெல்லிய கம்பிச் சுருள் ஒன்று உண்டு. சாவியை நுழைத்துத் திருகியதும் அச்சுருள் ஏறத்தாழ 125 கிலோஹெர்ட்ஸ் அளவிலான அலையைப் பரப்புகிறது. சில்லுக்குப் பேட்டரி தேவையில்லை. அவ்வலையிலிருந்தே தனக்கு வேண்டிய மின்சக்தியைப் பெற்றுக்கொள்கிறது. கார் கேட்கிறது, சில்லு விடை சொல்கிறது. விடை சரியாக இருந்தால் எஞ்சினுக்கு எண்ணெயும் தீப்பொறியும் கிடைக்கும். தவறாயின், கதவு திறந்தாலும் சாவி திரும்பினாலும் எஞ்சின் ஓடாது. இவையனைத்தும் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும்.

எனவே, சாவி செய்பவரிடம் நாம் வாங்குவது இரும்புத் துண்டை மட்டுமன்று. சில்லு, அதனுள் எழுதப்படும் இரகசிய எண், அவ்வெண்ணைக் காரின் நினைவில் பதிவு செய்யும் வேலை, அவ்வேலைக்கு அவர் வாங்கி வைத்திருக்கும் கருவி ஆகிய அனைத்திற்கும் சேர்த்தே நாம் பணம் கொடுக்கிறோம். இவ்வாறு கூறுவதால் விலை முழுவதும் நியாயமானது என்று நான் வாதாட வரவில்லை. புதிய காருடன் பொதுவாக இரண்டு சாவிகளையே கொடுத்துவிட்டு, மூன்றாவதற்கு அதிக விலை வைப்பது கார் நிறுவனங்களுக்கு இலாபந்தரும் ஏற்பாடு என்பதை மறுப்பதற்கில்லை.

பேட்டரியை முதலில் பாருங்கள்

சாவி 'கெட்டுப்போய்விட்டது' என்று கடைக்கு ஓடுவோரில் சிலருக்கு உண்மையில் கெட்டது சாவியன்று. அதனுள்ளிருக்கும் பட்டன் பேட்டரிதான். தூரத்திலிருந்தே கதவைத் திறக்கும் பொத்தான் இந்தப் பேட்டரியின் உதவியால்தான் வேலை செய்கிறது. பெரும்பாலும் 'சிஆர் 2032' என்னும் வகை இதற்குப் பயன்படும். 20 மில்லிமீட்டர் குறுக்களவும் 3.2 மில்லிமீட்டர் கனமும் உடையது என்பதையே அவ்வெண் குறிக்கிறது. இதன் விலை சில வெள்ளிதான். பழைய பேட்டரியின் மீதுள்ள எண்ணைப் பார்த்து அதே எண்ணுள்ளதை வாங்கி மாற்றிப் பாருங்கள்.

பொத்தானை அழுத்தி ஓட்டும் காரில் சாவியின் பேட்டரி தீர்ந்துவிட்டாலும் வழி உண்டு. சாவியின் உள்ளே சிறிய உலோகச் சாவி ஒன்று மறைந்திருக்கும். அதனை உருவிக் கதவைத் திறக்கலாம். பிறகு பிரேக்கை மிதித்துக்கொண்டு, சாவியை எஞ்சின் பொத்தானோடு ஒட்டிப் பிடித்துப் பொத்தானை அழுத்தினால் பல கார்களில் எஞ்சின் ஓடும். சில்லுக்குப் பேட்டரி வேண்டியதில்லை என்று மேலே கூறினேன் அல்லவா? அதன் பயன் இங்கே தெரிகிறது. சில கார்களில் சாவியை வைக்கவேண்டிய இடம் வேறாக இருக்கும். காருடன் வந்த கையேட்டில் அது காட்டப்பட்டிருக்கும்.

இவ்விடத்தில் பெற்றோர்க்கு ஓர் எச்சரிக்கை. மாற்றிய பழைய பேட்டரியை வீட்டில் கண்ட இடத்தில் போட்டுவிடாதீர்கள். வெள்ளிக் காசு போலப் பளபளக்கும் அதனைக் குழந்தை விழுங்கிவிட்டால், அது உணவுக்குழாயில் சிக்கி இரண்டு மணி நேரத்திற்குள்ளாகவே உட்புறத்தைக் கடுமையாக அரித்துவிடக்கூடும், உயிருக்கே ஆபத்து. வாந்தி எடுக்கச் செய்ய முயலாமல், உடனே 999-ஐ அழையுங்கள். அல்லது மருத்துவமனையின் அவசரப் பிரிவிற்குக் கொண்டு செல்லுங்கள். தீர்ந்துபோன பேட்டரியும் இத்தீங்கைச் செய்யும்.

சாவி மழையிலோ பால் வாளியிலோ விழுந்து நனைந்துவிட்டால், உடனே அதன் பேட்டரியைக் கழற்றித் துடைத்து நிழலில் நன்கு உலர்த்துங்கள். ஈரத்தோடு பொத்தானை அழுத்திப் பார்ப்பதே பலருடைய சாவியைக் கெடுத்துவிடுகிறது.

ஒன்று தொலைவதும் எல்லாம் தொலைவதும்

இனி விஷயத்தின் மையத்திற்கு வருவோம். இரண்டு சாவிகளில் ஒன்று தொலைவதற்கும், இருக்கும் ஒரே சாவி தொலைவதற்கும் உள்ள வேறுபாடு மிகப் பெரியது. நம் மக்கள் பலரும் உணராதது இதுதான்.

கையில் ஒரு சாவி இருக்குமாயின், நீங்களே காரை ஓட்டிக்கொண்டு பட்டணத்திற்குச் செல்லலாம். இரண்டு மூன்று கடைகளில் விலை கேட்டு, கட்டுப்படியாகும் இடத்தில் வேலையைக் கொடுக்கலாம். அவரும் இருக்கும் சாவியைக் கொண்டே புதியதைக் காருக்கு அறிமுகப்படுத்திவிடுவார். பல கார்களில் இஃது எளிய வேலை.

எல்லாச் சாவிகளும் தொலைந்துவிட்டால் நிலைமை வேறு. கார் அசையாது. ஸ்டீயரிங் பூட்டிக்கொண்டிருக்கும்; தானியங்கிக் கியராக இருந்தால் அதுவும் விடாது. ஆகவே காரை அப்படியே தூக்கி ஏற்றிச் செல்லும் இழுவை லாரியை அழைக்கவேண்டும். அல்லது சாவி செய்பவரே கருவிகளுடன் தோட்டத்திற்கு வரவேண்டும். மெயின் ரோட்டிலிருந்து உள்ளே பல கிலோமீட்டர் செம்மண் சாலையில் வருவதற்கு அவர் தனிக்கூலி கேட்பதில் வியப்பில்லை. வந்தபின் கதவைத் திறந்து, ஸ்டீயரிங்கின் கீழேயுள்ள சோதனைச் செருகியில் தமது கருவியைப் பொருத்தி, காரின் நினைவில் புதிய சாவியை எழுதவேண்டும். சில கார்களில் அதுவும் இயலாது. சாவியை அடையாளங்காணும் பெட்டியையே கழற்றி அதன் நினைவை மாற்றி எழுதவோ, புதுப்பெட்டி போடவோ வேண்டிவரும். கார் நிறுவனத்தின் மூலம் செய்தாலோ, சேசிஸ் எண்ணைக் கொடுத்துச் சாவியை வரவழைக்கும் வரையில் காத்திருக்க வேண்டும். அதுவரை பிள்ளைகளின் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் செல்ல அடுத்த வீட்டாரின் உதவியை நாடவேண்டிய நிலை.

கூலியோடு இதனை ஒப்பிட்டுப் பாருங்கள். 2025 பிப்ரவரி முதல் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பள உத்தரவின்படி மாதச் சம்பளம் 1,700 வெள்ளி. வாரத்தில் 6 நாட்கள் வேலை செய்வோருக்கு நாளொன்றுக்கு 65 வெள்ளி 38 காசாகிறது. ஒரு சாவிக்கு எல்லாச் செலவும் சேர்த்து 500 வெள்ளி என்று வைத்துக்கொண்டால், ஏறத்தாழ எட்டு நாள் உழைப்பு அதற்கே போய்விடும். சாவியின் விலை காருக்குக் கார் வேறுபடும். பொத்தான் வகைச் சாவிக்கு அதிகம், திருகும் வகைக்குக் குறைவு. எந்த வகையாயினும், ஒரு சாவி கையில் இருக்கும்பொழுதே மற்றொன்றைச் செய்வது மலிவு.

ஆகவே ஒரே சாவி வைத்திருப்பவர் தீபாவளிப் போனஸ் வரட்டும் என்று தள்ளிப்போடாமல், இயன்ற விரைவில் மாற்றுச் சாவி ஒன்றைச் செய்துகொள்வது நல்லது. கடைக்குச் செல்லும்பொழுது உங்களிடமுள்ள எல்லாச் சாவிகளையும் எடுத்துச் செல்லுங்கள். சில கார்களில் புதுச் சாவியைப் பதிவு செய்யும்பொழுது, முன்னால் இல்லாத சாவிகளின் பதிவு அழிந்துவிடும். அடையாள அட்டையையும், 'கிராண்ட்' என்று நாம் சொல்லும் வாகனப் பதிவுப் பத்திரத்தின் நகலையும் கொண்டு செல்லவேண்டும். உரிமையாளர் நீங்கள்தாம் என்று உறுதிப்படுத்திக்கொள்ளாமல் சாவி செய்து கொடுப்பவரை நம்பாதீர்கள். உங்கள் காருக்கு வேறொருவன் சென்று கேட்டாலும் அவர் செய்து கொடுத்துவிடுவார். கார் உங்கள் அண்ணன் பெயரிலோ மாமனார் பெயரிலோ இருந்தால், அவரையும் உடனழைத்துச் செல்வது அலைச்சலைத் தவிர்க்கும்.

மலிவாகக் கிடைக்கிறதென்று பிறர் பயன்படுத்திய சாவியை வாங்குவோரும் உளர். பொத்தான் வகைச் சாவிகளுள் பல, ஒரு காருக்குப் பதிவாகிவிட்டால் வேறு காருக்குப் பதிவாகமாட்டா. சாவி செய்பவரைக் கேட்காமல் வாங்கினால் பணம் வீணாகலாம்.

பழைய கார் வாங்கும்பொழுது

நம் தோட்டத்து மக்கள் பெரும்பாலும் வாங்குவது பிறர் ஓட்டிய கார். எஞ்சினையும் டயரையும் தட்டித் தட்டிப் பார்ப்பவர்கள், "இன்னொரு சாவி எங்கே?" என்று கேட்பதில்லை. கேட்கவேண்டும். விற்பவரிடம் இரண்டாவது சாவி இல்லையெனில், அதைச் செய்வதற்கான செலவை விலையிலிருந்து கழிக்கச் சொல்லுங்கள். இதில் வெட்கத்திற்கு இடமில்லை. மேலும், அந்தச் சாவி யார் கையில் இருக்கிறதோ தெரியாது. புதுச் சாவி செய்யும்பொழுதே, கைக்கு வராத பழைய சாவிகளின் பதிவைக் காரின் நினைவிலிருந்து அழித்துவிடும்படி கேட்டுக்கொள்ளுங்கள்.

சில கார்களின் சாவிகளோடு எண் பொறித்த சிறிய தகடு ஒன்று சேர்ந்து வரும். சாவியை வெட்டுவதற்கான எண் அதில் உள்ளது. அதைச் சாவி வளையத்திலேயே மாட்டி வைத்தால், சாவியோடு அதுவும் தொலைந்துபோகும். கழற்றிக் கிராண்டோடு சேர்த்து வீட்டில் வையுங்கள்.

காப்புறுதியைப் பற்றியும் ஒரு வார்த்தை. மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டும் எடுத்திருந்தால் சாவிக்கு ஒரு காசும் கிடைக்காது. முழுக் காப்புறுதியிலும் இது தானாக அடங்கியிருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். கூடுதல் கட்டணத்திற்குச் சாவி இழப்பையும் ஏற்றுக்கொள்ளும் நிறுவனங்கள் உண்டு. ஆண்டுதோறும் புதுப்பிக்கும்பொழுது முகவரிடம் கேட்டறியலாம்.

சாவி செய்பவர் வேலையைச் சரிவரச் செய்யாமல் பணத்தை மட்டும் வாங்கிக்கொண்டால் வாளாவிருக்க வேண்டியதில்லை. 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அமைந்த பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 50,000 வெள்ளி வரையிலான வழக்குகளைக் கொண்டு செல்லலாம். பதிவுக் கட்டணம் 5 வெள்ளி. வழக்கறிஞர் தேவையில்லை. ஆனால் ரசீது வேண்டும். வேலை தொடங்குமுன் தொகையைப் பேசி முடித்து, ரசீதில் கார் எண்ணையும் 'சாவி பதிவு செய்யப்பட்டது' என்பதையும் எழுதி வாங்குங்கள்.

நான் மேலே குறிப்பிட்ட தொழிலாளர் இறுதியில் சாவி செய்பவரைத் தோட்டத்திற்கே வரவழைத்தார். அவர் வந்த வேளையிலேயே இரண்டு சாவிகளைச் செய்துகொண்டார். இரண்டாவதற்கு ஆன செலவு முதலாவதைவிட வெகுவாகக் குறைவு. பிறகு ஒரு சந்தேகத்தை எழுப்பினார்: "ஐயா, பழைய சாவி நாளைக்கு ஏதாவது மரத்தடியில் கிடைத்தால் அது பயன்படுமா?" அதன் பதிவு அழிக்கப்பட்டுவிட்டதால் எஞ்சினை ஓட்டாது. ஆயினும், பூட்டை மாற்றாத வரையில் அதன் உலோகப் பகுதி கதவைத் திறக்கவே செய்யும். ஆகையால், வேலைக்காட்டில் அதைக் கண்டெடுப்பவர் தம்மிடம் கொண்டுவந்து கொடுக்குமாறு மறுநாட்காலைப் பெரட்டில் எல்லாரிடமும் சொல்லி வைத்தார்.