பெட்டி எடை கூடினா யாருக்கு லாபம்? குடும்பத்தோட ஃப்ளைட் ஏறுறவங்களுக்கு ஒரு லக்கேஜ் கணக்கு

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன.)

இந்த வாரம் எபிசோட் முழுக்க ஒரே ஒரு கேள்விக்குத்தான். போளூர் பக்கத்திலிருந்து ஒரு தங்கச்சி வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தாங்க. அவங்க அக்காவுக்கு சிங்கப்பூர்ல குழந்தை பிறந்திருக்கு. அம்மா, அப்பா, இவங்க மூணு பேரும் போறாங்க. அம்மாவுக்கும் அப்பாவுக்கும் இதுதான் முதல் விமானப் பயணம். பிரசவ லேகியம், பூண்டு, பத்தியப் பொடி, ஆரணி அரிசி, குழந்தைக்குப் பழைய பருத்திப் புடவைத் துணின்னு அம்மா ஒரு மாசமா சேர்த்து வெச்சிருக்காங்க. "இதுல எவ்வளவு போகும், எவ்வளவுக்குக் காசு கேப்பாங்க?" இதுதான் கேள்வி.

திருவண்ணாமலை மாவட்டத்துக்காரங்களுக்கு இந்தக் கேள்வி கொஞ்சம் கூடுதலாவே முக்கியம். நமக்குச் சென்னை விமான நிலையம் சுமார் 190 கிலோமீட்டர். கவுண்டர்ல எடை கூடிடுச்சுன்னு சொன்னா, "இதை வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிடுப்பா"ன்னு தம்பிகிட்ட குடுத்தனுப்ப வழியில்லை. ஒண்ணு காசு கட்டணும், இல்லைன்னா அம்மா அரைச்ச பொடி குப்பைத் தொட்டிக்குப் போகணும். அதனால முடிவெல்லாம் வீட்டுலயே எடுத்துடணும்.

டிக்கெட்ல ரெண்டு விதமான கணக்கு

உலகத்துல ரெண்டு முறை இருக்கு. ஒண்ணு எடைக் கணக்கு. "ஒரு ஆளுக்கு 20 கிலோ", "30 கிலோ"ன்னு போட்டிருப்பாங்க. வளைகுடா, சிங்கப்பூர், மலேசியா போற டிக்கெட்டுகள்ல பெரும்பாலும் இதுதான். இங்க மொத்த எடைதான் முக்கியம்.

இன்னொண்ணு பெட்டிக் கணக்கு. அமெரிக்கா, கனடா போறவங்களுக்கு இது நல்லாத் தெரியும். "ரெண்டு பெட்டி, ஒவ்வொண்ணும் 23 கிலோ"ங்கற மாதிரி இருக்கும். இங்க மொத்தக் கணக்கு செல்லாது. ஒரு பெட்டி 26, இன்னொண்ணு 20 இருந்தா கூட்டினா 46தான் வரும். ஆனா அந்த 26 கிலோ பெட்டிக்குத் தனியா பணம் கேப்பாங்க. மூணு கிலோவை மாத்தி வெச்சா ஒரு ரூபாய் செலவில்லை. பெட்டியோட அளவும் பார்ப்பாங்க: நீளம், அகலம், உயரம் மூணையும் கூட்டினா 158 சென்டிமீட்டருக்குள்ள இருக்கணும்.

எந்த முறையா இருந்தாலும் ஒரு பெட்டி 32 கிலோவைத் தாண்டக் கூடாதுங்கறதைப் பெரும்பாலான நிறுவனங்கள் வெச்சிருக்கு. காசு கொடுத்தாலும் எடுக்க மாட்டாங்க. அந்தப் பெட்டியை ஒரு ஆள் குனிஞ்சு தூக்கி விமானத்துக்குள்ள அடுக்கணும். அவர் முதுகுக்காகப் போட்ட வரம்பு அது.

உள்நாட்டுப் பயணத்துல எகானமி டிக்கெட்டுக்கு வழக்கமா 15 கிலோ, கையில 7 கிலோ. ஆனா எல்லா டிக்கெட்டுலயும் 15 இருக்கும்னு நம்பாதீங்க. 2021 பிப்ரவரியில சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம், அதாவது டிஜிசிஏ, செக்-இன் லக்கேஜ் இல்லாத பயணிக்குக் குறைஞ்ச விலையில டிக்கெட் விக்கலாம்னு அனுமதிச்சது. ஸ்கூட், ஏர்ஏசியா மாதிரி மலிவு விலை நிறுவனங்கள்ல அடிப்படை டிக்கெட்டுல செக்-இன் லக்கேஜ் கிடையவே கிடையாது. "நாலாயிரம் குறைவா கிடைச்சுது"ன்னு சந்தோஷப்படுறதுக்கு முன்னாடி, அந்த நாலாயிரம் எதைக் கழிச்சிட்டு வந்ததுன்னு பாருங்க.

ஒரே பிஎன்ஆர்ல எவ்வளவு மிச்சம்

குடும்பமா போறவங்களுக்கு இதுதான் முக்கியமான இடம். எடைக் கணக்கு இருக்கற நிறுவனங்கள்ல, ஒரே பிஎன்ஆர் எண்ல இருக்கறவங்க சேர்ந்து செக்-இன் பண்ணினா, எல்லாரோட எடையையும் கூட்டிப் பார்க்கறது வழக்கம்.

நம்ம தங்கச்சியோட அம்மா, அப்பாவை வெச்சே பார்ப்போம். ஆளுக்கு 20 கிலோன்னு வெச்சுக்குங்க. அம்மா பெட்டி 26, அப்பா பெட்டி 13. ஒரே பிஎன்ஆர்னா மொத்தம் 39, அனுமதி 40, பிரச்சினை முடிஞ்சுது. தனித்தனி பிஎன்ஆர்னா அம்மாவுக்கு 6 கிலோ கூடுதல். அப்பாகிட்ட 7 கிலோ இடம் காலியா கிடந்தாலும் அதைச் சேர்த்துப் பார்க்கணும்னு நம்மால உரிமையா கேக்க முடியாது. கணக்குக்காகக் கிலோ 800 ரூபாய்னு போட்டா, 4,800 ரூபாய். பொருள் அதே, ஆள் அதே, விமானமும் அதே. புக் பண்ண விதம்தான் வேற.

இவங்க ஏற்கெனவே தனித்தனியா புக் பண்ணிட்டாங்க. பதறத் தேவையில்லை. அம்மா பெட்டியிலேருந்து ஆறரைக் கிலோவை அப்பா பெட்டிக்கு மாத்திட்டா ரெண்டும் பத்தொன்பதரை. இதை வீட்டுத் திண்ணையில பண்ணினா பத்து நிமிஷம். கவுண்டர் முன்னாடி, பின்னாடி முப்பது பேர் நிக்கும்போது பெட்டியைத் திறந்து பண்ணினா அம்மா கண்ணு கலங்கிடும்.

இன்னும் ரெண்டு விஷயம். பெட்டிக் கணக்குல பொதுவா இந்தக் கூட்டல் கிடையாது. கைப்பையையும் கூட்டிப் பார்க்க மாட்டாங்க, ஒவ்வொருத்தர் பையும் தனி. ரெண்டு வயசு தாண்டி, தனி சீட் எடுத்த பிள்ளைக்குப் பெரியவங்களுக்கு இருக்கற அதே அளவு வழக்கமா உண்டு. மடியில வர்ற கைக்குழந்தைக்கு என்ன அளவுங்கறது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். அதை டிக்கெட்லயே பாருங்க.

காலிப் பெட்டியையும் எடை போடுங்க

கடையில அழகா நிக்கற பெரிய ஹார்டு சூட்கேஸ் காலியாவே நாலரை, அஞ்சு கிலோ இருக்கும். 15 கிலோ டிக்கெட்டுல மூணுல ஒரு பங்கு பெட்டிக்கே போயிடுது. நாலு பேர் குடும்பம் நாலு சூட்கேஸ் எடுத்தா 18 கிலோ வெறும் பிளாஸ்டிக்கைத்தான் சுமந்துட்டுப் போறோம். துணிப் பையோ, நல்லா டேப் ஒட்டின அட்டைப் பெட்டியோ ஒரு கிலோவைச் சுத்திதான் வரும். வளைகுடாவுக்குப் போய் வர்ற நம்ம ஊர் அண்ணன்மார் அட்டைப் பெட்டியைக் கயித்தால கட்டி எடுத்துட்டுப் போறதைப் பார்த்துச் சிலர் சிரிப்பாங்க. அவங்க போட்ட கணக்குல ஒரு தப்பும் இல்லை.

இவ்வளவு காசு எதுக்கு?

நியாயமான கேள்வி. விமானத்துல கூடுதலா ஏத்தற எடைக்கு, மணிக்கு அந்த எடையில 3 முதல் 4 சதவீதம் எரிபொருள் கூடுதலா செலவாகும்னு ஒரு பொதுவான கணக்கு உண்டு. ஆறு கிலோவை நாலு மணி நேரம் கொண்டு போக ஏறக்குறைய ஒரு லிட்டர். அதோட மதிப்பு சுமார் நூறு ரூபாய். அப்ப மிச்சம் எங்க போகுது? பெட்டியைக் கையாள்ற செலவு கொஞ்சம். அந்த இடத்துல சரக்கு ஏத்திச் சம்பாதிக்கலாமேங்கற கணக்கு கொஞ்சம். மிச்சமெல்லாம் விலை உத்திதான். டிக்கெட்டை மலிவா காட்டிட்டு மத்ததைத் தனித்தனியா விக்கறது. 2008-ல அமெரிக்கன் ஏர்லைன்ஸ் முதல் பெட்டிக்கே 15 டாலர் வாங்க ஆரம்பிச்சது, மத்தவங்களும் பின்னாடியே வந்தாங்க.

இங்கயும் கட்டுப்படுத்தப் பார்த்தாங்க. உள்நாட்டு விமானத்துல 15 கிலோவுக்கு மேல 20 கிலோ வரைக்கும், கிலோவுக்கு 100 ரூபாய்க்கு மேல வாங்கக் கூடாதுன்னு 2016-ல டிஜிசிஏ சொன்னது. விமான நிறுவனங்கள் கோர்ட்டுக்குப் போச்சு. 2017-ல டெல்லி உயர் நீதிமன்றம் அந்த உச்சவரம்பை ரத்து பண்ணிடுச்சு.

இந்த விலை உத்தியில நமக்கும் ஒரு வழி இருக்கு. கூடுதல் எடை வேணும்னு முன்னாடியே தெரிஞ்சா, ஆன்லைன்ல 5 கிலோ, 10 கிலோன்னு வாங்கிடுங்க. கவுண்டர் விலையை விட அது பெரும்பாலும் குறைவு. புறப்படறதுக்குச் சில மணி நேரம் முன்னாடி அந்த வசதி மூடிடும், அதையும் பார்த்து வெச்சுக்குங்க. இன்னொரு கேள்வியும் கேட்டுக்குங்க: அரிசியும் பூண்டும் சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவுல கிடைக்காதா? கிடைக்கும். அம்மா கையால கிண்டின லேகியம் கிடைக்காது. எடை குறைக்கணும்னா எதை எடுக்கணும்னு இப்ப தெரியுதில்ல?

மாறி ஏறும்போது கவனம்

சென்னையிலேருந்து மும்பை, அங்கிருந்து வெளிநாடுன்னு போறீங்க. ரெண்டும் ஒரே டிக்கெட்டா இருந்தா வெளிநாட்டுக்கான அளவுதான் உள்நாட்டுப் பகுதிக்கும் வழக்கமா பொருந்தும். மலிவா இருக்குன்னு ரெண்டையும் தனித்தனியா வாங்கினா, மும்பை வரைக்கும் 15 கிலோதான். கையில 30 கிலோ இருந்தா 15 கிலோவுக்கு அபராதம் மாதிரி கட்டணும். டிக்கெட்ல மிச்சம் பிடிச்சது அங்கயே போயிடும்.

எடை சரி, பொருள் சரியா?

திருவண்ணாமலையிலேருந்து போறவங்க பையில கோயில் சாமான் இல்லாம இருக்காது. தீப மை பொட்டலம் எடையே இல்லை, தாராளமா கொண்டு போங்க. குங்குமமும் விபூதியும் பிரச்சினை இல்லை. ஆனா அமெரிக்கா போற விமானத்துல 350 மில்லிக்கு மேல எந்தப் பவுடரையும் கைப்பையில வைக்காதீங்க, பெரிய பெட்டியில போடுங்க. கற்பூரம் சுலபமா தீப்பிடிக்கற பொருள், எந்தப் பையிலயும் வேண்டாம். கொப்பரைத் தேங்காயும் அப்படித்தான். எண்ணெய்ச் சத்து இருக்கறதால தானாவே சூடேறித் தீப்பிடிக்கலாம்னு ஆபத்தான பொருட்கள் பட்டியல்ல இருக்கு. ஊறுகாயும் நெய்யும் செக்-இன் பெட்டிக்கு, ரெண்டு கவர் போட்டு.

பவர் பேங்க் நேரெதிர். அது செக்-இன்ல போகவே கூடாது, கைப்பையிலதான். 100 வாட்-அவர் வரைக்கும், அதாவது சுமார் 27,000 எம்ஏஎச் வரைக்கும் பொதுவா அனுமதி உண்டு. கவுண்டர்ல அவசரமா சாமானை இங்கேயும் அங்கேயும் மாத்தும்போது இதுதான் தப்பான பைக்குள்ள போய் மாட்டிக்கும்.

கிளம்பறதுக்கு முந்தின நாள்

முந்நூறு, நானூறு ரூபாய்க்கு மாட்டித் தூக்கற மாதிரி சின்ன டிஜிட்டல் தராசு கிடைக்குது. அது இல்லைன்னா தெரிஞ்ச மளிகைக் கடையிலயோ அரிசி மண்டியிலயோ இருக்கற எலக்ட்ரானிக் தராசு போதும். அனுமதிச்ச அளவுக்கு ஒரு கிலோ குறைவாவே நிறுத்துங்க, தராசுக்குத் தராசு வித்தியாசம் வரும். விமான நிலையத்துல எடை ரொம்ப மாறிக் காட்டினா, பக்கத்து கவுண்டர்ல ஒரு தடவை வெச்சுப் பார்க்கச் சொல்லிப் பணிவா கேளுங்க. ஒவ்வொரு பெட்டியோட எடையையும் ஒரு தாள்ல எழுதி அப்பா சட்டைப் பையில வெச்சிடுங்க. முதல் தடவை போறவங்களுக்கு அந்தத் தாள் பெரிய தைரியம்.

உங்க வீட்டுல யாராவது இந்த மாசம் பறக்கப் போறாங்கன்னா, டிக்கெட்டை எடுத்து மூணு விஷயம் மட்டும் பாருங்க: எத்தனை கிலோ, எடைக் கணக்கா பெட்டிக் கணக்கா, எல்லாரும் ஒரே பிஎன்ஆரா. புரியலைன்னா வாய்ஸ் நோட் அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல பேசுவோம்.