தோலுக்கு அடியில் ஒரு வரைபடம்

சாலை விபத்தில் ஒருவருடைய கால் நசுங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். எலும்பு வெளியே தெரியும் அளவுக்குத் தோலும் தசையும் சிதைந்திருந்தால், முறிந்த எலும்பைச் சேர்த்து வைப்பது மட்டும் போதாது. திறந்து கிடக்கும் புண்ணையும் மூட வேண்டும். அதற்காக, காலின் வேறொரு பகுதியிலிருந்து நல்ல தோலையும் அதன் அடியில் உள்ள திசுவையும் எடுத்து மருத்துவர்கள் அங்கே பொருத்துகிறார்கள். அந்தத் திசுவுக்கு இரத்தம் கொண்டு செல்லும் நாளமும் உடன் வர வேண்டும். நாளம் அறுந்துபோனால் பொருத்திய தோல் உயிரிழந்துவிடும்.

சிக்கல் என்னவென்றால், இந்த மெல்லிய நாளங்கள் எல்லாருக்கும் ஒரே இடத்தில் இருப்பதில்லை. அவற்றைக் கண்டுபிடிக்க, பேனா போன்ற ஒரு கருவியைத் தோல்மீது வைத்து மருத்துவர்கள் மெல்ல நகர்த்துவார்கள். இரத்தம் ஓடும் இடத்தில் கருவி ஒலி எழுப்பும். அங்கே மையால் குறியிடுவார்கள். காதால் கேட்டுத் தேடும் இந்த வேலைக்கு நேரமும் பொறுமையும் தேவை.

லண்டனில் உள்ள செயிண்ட் மேரி மருத்துவமனையில், இம்பீரியல் கல்லூரியைச் சேர்ந்த குழுவினர் வேறொரு வழியை முயன்று பார்த்தனர். அதன் விவரங்கள் 2018ஆம் ஆண்டில் வெளிவந்தன. முதலில் நோயாளியின் கால் சிடி ஸ்கேன் செய்யப்பட்டது. அந்தப் படங்களிலிருந்து எலும்பு, தசை, நாளம் ஆகியவற்றைத் தனித்தனியே பிரித்து, கணினியில் ஒரு முப்பரிமாண உருவம் உருவாக்கப்பட்டது. பிறகு, 'ஹோலோலென்ஸ்' என்னும் கருவியை மருத்துவர் கண்ணாடி போல அணிந்துகொண்டு நோயாளியின் காலைப் பார்த்தார். காலின்மீதே எலும்பும் நாளமும் படர்ந்திருப்பதுபோல் தெரிந்தது.

இதுவே கலப்பு மெய்ம்மை. மெய்நிகர் விளையாட்டுகளுக்கான கருவி கண்களை முழுவதும் மூடி, வேறோர் உலகத்தைக் காட்டும். இக்கருவியின் கண்ணாடியோ ஒளி ஊடுருவக்கூடியது. எதிரே இருக்கும் நோயாளியும் தெரிவார். அவர்மீது படமும் தெரியும். கருவியில் உள்ள கேமராக்கள் அறையைத் தொடர்ந்து கவனித்துக்கொண்டே இருப்பதால், மருத்துவர் மேசையைச் சுற்றி நடந்தாலும் படம் இடம் மாறாது.

ஐந்து நோயாளிகளுக்கே அப்போது இம்முறை பயன்படுத்தப்பட்டது. அந்தக் குழுவினர் படத்தை அப்படியே நம்பிவிடவில்லை என்பதுதான் பாராட்டத்தக்கது. படம் காட்டிய இடத்தில் நாளம் இருக்கிறதா என்று, ஒலி எழுப்பும் அந்தப் பழைய கருவியைக் கொண்டே சரிபார்த்தனர்.

2020ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் இதைப் போன்ற ஒரு கருவியின் உதவியோடு ஒரு நோயாளியின் முதுகெலும்பில் ஆறு திருகாணிகள் பொருத்தப்பட்டன. முதுகெலும்புக்குள்தான் தண்டுவடம் ஓடுகிறது. திருகாணி சற்றே விலகினாலும் நரம்பு பாதிக்கப்படலாம். வழக்கமாக மருத்துவர் ஒரு பக்கம் இருக்கும் திரையையும் நோயாளியையும் மாறி மாறிப் பார்க்க வேண்டியிருக்கும். இக்கருவியை அணிந்தால் தலையைத் திருப்ப வேண்டிய அவசியமில்லை. சிங்கப்பூரின் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையிலும் மருத்துவர்கள் ஹோலோலென்ஸ் கருவியைப் பயன்படுத்திப் பார்த்துள்ளனர்.

எலும்பின் வடிவம் மாறுவதில்லை. அதனால் நேற்று எடுத்த படம் இன்றும் பொருந்தும். கல்லீரல் அப்படியன்று. மூச்சு விடும்போது அது அசையும்; அறுக்கும்போது வளையும். மூளையும் மண்டையோட்டைத் திறந்தபின் சற்றே இடம் மாறக்கூடும். ஆனால், கண்ணாடியில் தெரியும் படம் அப்போதும் பளிச்சென்றுதான் இருக்கும்! தவறான இடத்தைக் காட்டினாலும் அது மங்கிவிடாது. எனவே, இத்தகைய உறுப்புகளில் சிகிச்சையைத் திட்டமிடுவதற்கு இப்படம் பெரிதும் உதவினாலும், கத்தியின் பாதையை முடிவுசெய்ய அது மட்டும் போதாது. அறுவை சிகிச்சையின் நடுவே மீயொலிக் கருவியால் உறுப்பை மீண்டும் படம் பிடித்து, பழைய படத்தை அவ்வப்போது திருத்தும் வழிகளை ஆய்வாளர்கள் இப்போது உருவாக்கி வருகின்றனர்.