பூச்சிகளின் கொலஸ்ட்ரால் கணக்கு

“முட்டையில் மஞ்சள் கருவை ஒதுக்கச் சொல்கிறார் டாக்டர். எந்நேரமும் தின்றுகொண்டே இருக்கும் பூச்சிகளுக்குக் கொலஸ்ட்ரால் ஏறாதா?” என்று ஒரு வாசகர் கேட்டு எழுதியிருக்கிறார். ஏறும். ஆனால் பூச்சியின் பெரிய கவலை அது கிடைக்காமல் போவதுதான். நமக்கு வேண்டிய கொலஸ்ட்ராலில் பெரும்பங்கை நம் உடலே செய்துகொள்கிறது. பூச்சியால் துளிகூடச் செய்துகொள்ள முடியாது; அதற்கான நொதிகளில் சில அதற்கு இல்லவே இல்லை. 1935இலேயே ஹாப்சன் என்ற ஆய்வாளர் இதைக் காட்டிவிட்டார். உணவில் கொலஸ்ட்ரால் இல்லாவிட்டால் அவர் ஆராய்ந்த ஈயின் புழுக்கள் வளரவில்லை.

செல் சவ்வுக்குக் கொலஸ்ட்ரால் வேண்டும் என்பது தெரிந்ததுதான். பூச்சிக்கு இன்னொரு தேவையும் உண்டு. புழு தோலுரிப்பதும் கூட்டுப்புழுவாவதும் எக்டைசோன் என்ற ஹார்மோன் சொல்லித்தான் நடக்கும். அந்த ஹார்மோனுக்கு மூலப்பொருள் கொலஸ்ட்ரால். 1954இல் ஜெர்மனியில் பூட்டனாண்டும் கார்ல்சனும் பட்டுப்பூச்சியின் கூட்டுப்புழுக்கள் 500 கிலோவிலிருந்து பிரித்தெடுத்த எக்டைசோன் வெறும் 25 மில்லிகிராம். இத்தனை சிறிய அளவுதான் ஒரு புழு உருமாறுமா மாறாதா என்பதை முடிவு செய்கிறது.

வெளியிலிருந்து மட்டுமே வரும் பொருள் என்றால் இருப்பைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். என் பாட்டி ரேஷன் மண்ணெண்ணெய் டின்னுக்குள் ஈர்க்குச்சியை விட்டுப் பார்ப்பார். எதுவரை நனைந்திருக்கிறது என்று பார்த்துத்தான் இன்றைக்கு ஸ்டவ்வா, விறகடுப்பா என்று முடிவாகும். பழ ஈயின் உடலில் அந்த ஈர்க்குச்சி வேலையைச் செய்வது டி.எச்.ஆர்.96 என்ற உட்கரு ஏற்பி. செல்லின் உட்கருவில் வேலை செய்யும் புரதம் இது. குறிப்பிட்ட மூலக்கூறு ஒன்று வந்து பொருந்திக்கொள்ள அதில் ஒரு குழிவு உண்டு. மூலக்கூறு பொருந்தியிருக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்துச் சில மரபணுக்கள் முடுக்கப்படும், சில அடக்கப்படும். அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் கார்ல் தம்மலின் குழு 2009இல் இந்த ஏற்பி கொலஸ்ட்ராலோடு பிணைவதைக் காட்டியது. உணவில் கொலஸ்ட்ரால் மிகுந்தால், குடலில் அதை உள்ளே இழுக்கும் என்.பி.சி.1பி என்ற புரதத்தின் உற்பத்தியை டி.எச்.ஆர்.96 குறைத்துவிடுகிறது. நம் குடலிலும் இதே குடும்பத்துப் புரதம்தான் கொலஸ்ட்ராலை உறிஞ்சுகிறது. ஸ்டாட்டினோடு சேர்த்துச் சிலருக்குக் கொடுக்கும் எஸெடிமைப் மாத்திரை அடைப்பது அந்த வாசலைத்தான். நாம் மாத்திரை போட்டுச் செய்வதை ஈ தானாகவே செய்துகொள்கிறது.

இந்த ஏற்பியின் மரபணுவை நீக்கிவிட்டு ஈக்களை வளர்த்துப் பார்த்தார்கள். இந்தக் கதையில் என்னை விடாமல் பிடித்துக்கொண்ட இடம் இதுதான். ஆய்வகத்தின் வழக்கமான தீனியில் அந்த ஈக்கள் நன்றாக வளர்ந்தன, முட்டையிட்டன. மற்ற ஈக்களின் பக்கத்தில் வைத்தால் வித்தியாசமே தெரியாது. கொலஸ்ட்ரால் குறைந்த தீனியைக் கொடுத்தபோது அவை பிழைக்கவில்லை. அதே தீனியில் சாதாரண ஈக்கள் தாக்குப்பிடித்தன. கொலஸ்ட்ராலை அள்ளிப் போட்டபோதோ வாசலைச் சாத்தத் தெரியாமல் அவற்றின் உடலில் அது அளவுக்கு மீறிச் சேர்ந்தது. பஞ்சம், மிகுதி இரண்டிலும் ஒரே ஏற்பிதான் காப்பாற்றுகிறது. நடுவாந்தரமான நாட்களில் அது இருப்பதே தெரிவதில்லை. ஓர் உயிரை வசதியான சூழலில் மட்டும் வைத்துப் பார்த்துவிட்டு ‘இந்த மரபணுவால் பயனில்லை’ என்று எழுதிவிடக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குக் கிடைத்ததில்லை.

செடியை நம்பி வாழும் பூச்சிகளுக்கு இன்னொரு சிக்கல்: செடியில் கொலஸ்ட்ரால் அரிது. அதன் உறவான தாவர ஸ்டெரால்கள்தான் நிறைய. பட்டுப்புழு மல்பெரி இலையின் சைட்டோஸ்டெராலில் வேண்டாத கிளையைக் கத்தரித்துக் கொலஸ்ட்ராலாக்கிக்கொள்ளும். தேனீக்கு அந்த வித்தை தெரியாது. மகரந்தத்தில் என்ன ஸ்டெரால் இருக்கிறதோ அதுவேதான் அதற்கு. முக்கியமானது 24-மெத்திலீன் கொலஸ்ட்ரால். எல்லாப் பூவின் மகரந்தத்திலும் அது போதிய அளவில் இருக்காது. வரத்து குறைந்தால் செவிலித் தேனீக்கள் தங்கள் உடலில் சேர்த்து வைத்ததை எடுத்துப் புழுக்களுக்கு ஊட்டுகின்றன. அது தீர்ந்தால் புழு வளர்ப்பு நின்றுபோகும்.

கன்னியாகுமரி மாவட்டத்தில் மார்த்தாண்டம் பக்கம் ரப்பர் மரங்கள் துளிர்க்கும்போது தேன் வரத்து பெருகும். அந்தத் தேன் பூவில் ஊறுவதில்லை, இலைக்காம்பின் சுரப்பியில் ஊறுவது. அங்கே மகரந்தம் இல்லை. பூ இல்லாத மாதங்களில் பெட்டிக்குள் வைக்கும் சர்க்கரைப் பாகிலும் ஸ்டெரால் கிடையாது. பாகு உயிரைப் பிடித்து வைக்கும், அவ்வளவுதான். அடுத்த தலைமுறையை உருவாக்காது. ‘தேனீக்கு இனிப்பு போதும்’ என்ற எண்ணம் இன்னும் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. அந்த எண்ணத்தோடுதான் வரப்பில் பூக்கும் செடிகளையெல்லாம் களை என்று சொல்லி மருந்தடித்துப் பொசுக்குகிறோம்.

2025இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் மகரந்தத்தின் முக்கியமான ஆறு ஸ்டெரால்களைத் தயாரிக்கும்படி ஒரு ஈஸ்டை மாற்றியமைத்து, அதைத் தேனீக்களின் தீனியில் கலந்தார்கள். அதை உண்ட கூட்டங்களில் கூட்டுப்புழுப் பருவத்தை எட்டிய புழுக்கள் மற்றவற்றைவிட 15 மடங்கு வரை கூடின. நல்ல செய்திதான். ஆனால் அந்த ஈஸ்ட் நம் ஊர்ப் பெட்டிகளுக்கு எப்போது வரும் என்று காத்திருக்கத் தேவையில்லை. பெட்டி வைத்திருப்பவர்கள் தோட்டத்து ஓரங்களில் தும்பை, துளசி, முருங்கை, தென்னை என்று பல பூக்கள் ஆண்டு முழுக்க மாறி மாறிப் பூக்க விட்டால் போதும்; ஒரு மகரந்தத்தில் இல்லாததை இன்னொன்றிலிருந்து தேனீயே தேடி எடுத்துக்கொள்ளும்.