இரண்டு நாளில் ஒரு குறும்படம்

காலக்கெடு என்றதும் நம்மில் பலருக்கு மனம் சோர்கிறது. தேர்வுக்கும் கடன் தவணைக்கும் கெடு உண்டு. கலைக்குமா கெடு எனக் கேட்கத் தோன்றும். ஆனால் கெடு இல்லாத காரணத்தாலேயே பிறவாமற்போன படைப்புகள் எத்தனையோ! "நல்ல காமிரா வரட்டும், அடுத்த மாதம் எடுப்போம்" என்று தள்ளிப்போட்டு, நண்பர்கள் ஆளுக்கொரு திசையாய்ப் பிரிந்த பின், கதை மட்டும் நோட்டுப் புத்தகத்தில் உறங்குவதை ஊர்தோறும் காணலாம்.

இந்நோய்க்கு மருந்தாக, மார்க் ரப்பர்ட், லிஸ் லாங்ஸ்டன் என்னும் இருவர் 2001-ஆம் ஆண்டு அமெரிக்காவின் வாஷிங்டன் நகரில் 48 மணி நேரத் திரைப்படப் போட்டியைத் தொடங்கினர். வெள்ளி மாலை ஒவ்வொரு குழுவும் சீட்டெடுத்துத் தன் கதை எவ்வகையினது என்பதை அறிந்துகொள்ளும். ஒரு பாத்திரம், ஒரு பொருள், ஒரு வசனம் ஆகிய மூன்றும் எல்லாருக்கும் பொதுவாகத் தரப்படும். முன்பே எடுத்து வைத்த படத்தை எவரும் கொண்டுவராதிருக்கவே இந்த ஏற்பாடு. 4 முதல் 7 நிமிடம் ஓடும் படத்தை ஞாயிறு மாலைக்குள் ஒப்படைத்தாக வேண்டும்.

தமிழகத்திலும் இதற்கு ஒப்பான முயற்சி நடந்தது. 2009-இல் கலைஞர் தொலைக்காட்சி தொடங்கிய 'நாளைய இயக்குநர்' நிகழ்ச்சியில், இளைஞர்கள் சுற்றுக்கொரு குறும்படம் எடுத்துக் காட்டினர். பலருக்கு நண்பர்களே நடிகர்கள், நண்பர்களே உதவியாளர்கள். அவர்களுள் ஒருவரான கார்த்திக் சுப்பராஜ் 2012-இல் 'பீட்சா' படத்தையும், நளன் குமரசாமி 2013-இல் 'சூது கவ்வும்' படத்தையும் இயக்கினர். அவர்களை வளர்த்ததில், தவிர்க்க முடியாத அந்தக் கெடுவுக்கும் பங்குண்டு எனலாம்.

நம் பிள்ளைகள் எல்லாரும் இயக்குநர் ஆக வேண்டும் என்பதன்று நம் கருத்து. பின் எதற்கு இம்முயற்சி? கனடா நாட்டின் ஃபோகோ தீவு விடை கூறும். 1960-களில் அத்தீவின் மீனவரை வேறிடம் பெயர்க்கும் எண்ணம் அரசிடம் இருந்தது. 1967-இல் கோலின் லோ என்னும் இயக்குநர் அங்குச் சென்று, மக்கள் தம் வாழ்வைப் பற்றித் தாமே பேசுவதைப் படமாக்கினார். அப்படங்கள் அவ்வூர் மக்களுக்கே காட்டப்பட்டன; அதிகாரிகளும் பார்த்தனர். தனித்தனியே கிடந்த ஊர்கள் ஒன்றையொன்று அறிந்தன. கூட்டுறவுச் சங்கம் எழுந்தது. மக்களும் தீவை விட்டுப் போகவில்லை.

திருப்பாலைவனம், பழவேற்காடு வட்டாரத்து ஏரிக்கரை ஊர்களில் இத்தகைய கதைகளுக்குப் பஞ்சமா? வலை விரிக்கும் இடங்களை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் 'பாடு' வழக்கம் ஒரு கதை. முகத்துவாரம் மணலால் அடைபட்டால் கடலிலிருந்து இறால் குஞ்சுகள் ஏரிக்குள் வரத் தடை ஏற்படுவதும், அதனால் அடுப்பெரியாத வீடும் ஒரு கதை. வெளியூரார் பூநாரைகளைப் படம் பிடித்துச் செல்கின்றனர். பறவைகளுக்கு அப்பால் படகில் நிற்கும் மனிதரின் கதையை அவர் பிள்ளைகளன்றி வேறு யார் சொல்வார்?

பாடு முறையே படக்குழுவுக்கும் நல்ல பாடம். வேலை இன்னாருக்கு இன்னது என முதலிலேயே பகிர்ந்துவிட வேண்டும். இயக்குபவர் ஒருவரே, முடிவும் அவருடையதே. வெள்ளி இரவு கதையை எழுதி முடித்துவிட வேண்டும். மூன்று பாத்திரம், இரண்டு இடம், ஐந்து பக்கம் போதும். ஒரு பக்கம் ஏறத்தாழ ஒரு நிமிடம் ஓடும். சனிக்கிழமை விடியற்காலையிலும் மாலையிலும் வெளிப்புறக் காட்சிகளை எடுக்கலாம். உச்சிவெயிலில் நீர்ப்பரப்பு கண்ணைப் பறிக்கும், முகங்கள் இருண்டு போகும். கைபேசி காமிராவே போதுமானது. ஆனால் ஏரிக்காற்று பேச்சை விழுங்கிவிடும். ஆகவே பேசுவோருக்கு அருகே மற்றொரு கைபேசியை வைத்துக் குரலைத் தனியே பதிவு செய்க. எடுத்ததை அன்றிரவே இரண்டு இடங்களில் சேமித்து வைக்க வேண்டும். ஞாயிறு முழுவதும் படத்தொகுப்புக்கே. வெட்ட மனம் வராத காட்சியையும், கதைக்கு உதவாதாயின் வெட்டத்தான் வேண்டும்.

ஒன்றை மட்டும் கெடுவின் பெயரால் விட்டுக்கொடுக்கலாகாது. 2011-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளன்று இதே ஏரியில் படகு கவிழ்ந்து 22 பேர் மாண்டனர். அளவுக்கு மீறி ஆள் ஏற்றியதால் வந்த வினை அது. ஆகவே படகுக் காட்சி வேண்டுமெனில் அனுபவமுள்ள மீனவர் உடனிருக்கட்டும். எல்லாரும் மிதவை அங்கி அணியட்டும். காற்று மிகுந்தால் கரையிலேயே எடுங்கள். தவறிய போட்டி மறு ஆண்டு வரும். தவறிய உயிர் வாராது.

பெற்றோரே, "வீண் வேலை" என்று பிள்ளைகளைக் கடியாதீர். மக்கள் தொடர்புச் சாதனங்களை நன்மைக்குப் பயன்படுத்துமாறு இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-லேயே நம்மைக் கேட்டுக்கொண்டது. இரண்டு நாள் ஒன்றாய் உழைப்பவர்கள் விட்டுக்கொடுக்கவும், பிறர் சொல் கேட்கவும், தொடங்கியதை முடிக்கவும் கற்கிறார்கள். படம் முடிந்ததும் கோவில் மைதானத்தில் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டி முதலில் ஊராருக்கே காட்டச் சொல்லுங்கள். குறைகள் இருக்கும், குரல் சற்று இரைச்சலாகவும் கேட்கும். ஆயினும் திரையில் தன் படகைக் கண்ட முதியவர் ஒருவர், "நம்ம வாழ்க்கையும் பார்க்கத்தக்கதுதான்" என்று எண்ணித் தலைநிமிர்ந்தால், அந்த இரண்டு நாள் உழைப்பு பலித்தது என்றே கொள்ளலாம்.