இரண்டு மாத்திரை என்றால் நோய் முற்றிவிட்டதா?

“பிரஷருக்கு ஒரு மாத்திரை போதவில்லை, இன்னொன்று சேர்க்கிறேன்” என்று மருத்துவர் சொன்னதும் பலருக்கு முகம் வாடிவிடும். செம்பவாங்கில், 2023-இல் புக்கிட் கேன்பரா வளாகத்தில் திறந்த பலதுறை மருந்தகத்துக்குப் போகிறவர்களுக்கும் இந்தப் பயம் புதிதல்ல. சிங்கப்பூரில் பெரியவர்களில் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு உயர் ரத்த அழுத்தம். அவர்களில் பலருக்கு ஒரே மருந்து போதாது.

காரணம் எளிது. ரத்தக் குழாய் இறுகினாலும் அழுத்தம் ஏறும், உடலில் உப்பும் நீரும் தேங்கினாலும் ஏறும், சிறுநீரகம் தூண்டிவிடும் ஹார்மோன்களாலும் ஏறும். ஆம்லோடிபின் குழாயைத் தளர்த்துகிறது. லோசார்டான், டெல்மிசார்டான் ஹார்மோனை மறிக்கின்றன. இண்டாபமைடு உப்பைச் சிறுநீரில் வெளியேற்றுகிறது. ஒரு வழியை மட்டும் அடைத்தால் உடல் இன்னொரு வழியில் ஈடுகட்டிக்கொள்ளும்.

ஏறத்தாழ 11,000 பேரிடம் நடந்த 42 ஆய்வுகளை 2009-இல் தொகுத்துப் பார்த்தார்கள். ஒரே மருந்தின் அளவை இரட்டிப்பாக்குவதைவிட வேறு வகை மருந்தைச் சேர்ப்பது சுமார் ஐந்து மடங்கு கூடுதலாக அழுத்தத்தைக் குறைக்கும் என்று தெரிந்தது. பக்கவிளைவிலும் லாபமுண்டு. ஆம்லோடிபின் 10 மில்லிகிராமில் கணுக்கால் வீங்குகிறவருக்கு, அதை 5 ஆக்கி லோசார்டானைச் சேர்த்தால் வீக்கம் வடிய வாய்ப்பு அதிகம்.

இதற்கு நல்ல சான்று இலங்கையிலிருந்து வந்தது. அங்கே 700 பேரில் ஒரு பாதிக்கு டெல்மிசார்டான் 20, ஆம்லோடிபின் 2.5, குளோர்தாலிடோன் 12.5 மில்லிகிராம் அடங்கிய ஒரே மாத்திரையையும், மறுபாதிக்கு வழக்கமான சிகிச்சையையும் கொடுத்தார்கள். ஆறு மாதத்தில் முதல் குழுவில் 70 சதவீதம் பேரும் மற்றதில் 55 சதவீதம் பேரும் இலக்கை எட்டினர். பக்கவிளைவால் மருந்தை நிறுத்தியவர்கள் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவுதான். 2018-இல் இந்த முடிவு வெளியானது. மறு ஆண்டே உலகச் சுகாதார நிறுவனம் இரு மருந்துக் கூட்டு மாத்திரைகளை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது.

ஆனால் எதையும் எதனோடும் சேர்க்க முடியாது. நம்மவர்களுக்கு இதில் தனி ஆபத்து ஒன்று உண்டு: ஊருக்குப் போனால் வாங்கிவரும் மாத்திரை. ‘டெல்மா ஏஎம்’ என்ற அட்டைக்குள் டெல்மிசார்டானும் ஆம்லோடிபினும் சேர்ந்தே இருக்கின்றன. இங்கே கொடுத்த லோசார்டானோடு அதையும் விழுங்கினால் ஒரே வகை மருந்து இரண்டு முறை உள்ளே போகும். பொட்டாசியம் ஏறலாம், சிறுநீரகம் பாதிக்கப்படலாம். கர்ப்பிணிகளுக்கு இவ்வகை மருந்து அறவே கூடாது. மூட்டுவலிக்குப் போடும் டைக்ளோஃபெனாக்கும் அழுத்தத்தை ஏற்றிவிடும்.

அடுத்த முறை போகும்போது ஊர் அட்டை, இங்குள்ள மருந்துப் பை, வலி மாத்திரை எல்லாவற்றையும் ஒன்றாக எடுத்துப்போய் மருந்தாளரிடம் காட்டிவிடுங்கள்.