விராலைப் பகையாளி என்று நினைத்தேன்

முப்பது வருடத்துக்கு மேல் வங்கியில் கடன் கொடுத்தவன் நான். யாருக்கு, எப்போது, எவ்வளவு என்பதுதான் அந்த வேலையின் சூட்சுமம். ஓய்வுபெற்று மேலூர் பக்கம் 10 சென்ட்டில் பண்ணைக்குட்டை வெட்டி மீன் விட்டபோது அதைச் சுத்தமாக மறந்துவிட்டேன்.

முதல் வருடம் ஐப்பசி மழையில் குட்டை நிறைந்ததும் கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் கலந்து 400 குஞ்சு விட்டேன். விலை குறைவு என்று விரல் நீளம்கூட இல்லாத பொடிக் குஞ்சுகளாக வாங்கியிருந்தேன். சித்திரையில் வலை போட்டால் 37 தான் தேறியது. கூடவே முழங்கை நீளத்தில் ஆறு விரால்! வாய்க்கால் தண்ணீரோடு வந்து குடியேறியவை. பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் சிரித்தார்: "பூனைய உள்ள வெச்சுப் பூட்டிட்டுப் பால ஊத்திருக்கீங்க சார்!"

இனி விரால் வாடையே கூடாது என்று முடிவு செய்தேன். வைகாசியில் தண்ணீரை ஒரு அடிக்கு இறக்கி, 30 கிலோ இலுப்பைப் புண்ணாக்கை ஊறவைத்துக் கரைத்து ஊற்றினேன். ஒரு கன மீட்டர் தண்ணீருக்குக் கால் கிலோ என்பது கணக்கு. ரசாயனம் இல்லாமல் வேண்டாத மீன்களை எடுக்க இது போதும். மூன்று வாரத்தில் வீரியம் முறிந்து குட்டைக்கே உரமாகிவிடும். மடைவாயிலும் நெருக்கமான வலை கட்டினேன்.

ஆனால் பொங்கலுக்கு வந்த பேரன் கண்மாயில் பிடித்த நாலைந்து ஜிலேபியை ஆசையாகக் குட்டையில் விட்டுப் போய்விட்டான். 1952-இல் நம் நாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட மீன் இது. இரண்டு மூன்று மாதத்திலேயே சினைக்கு வந்துவிடும். முட்டையையும் குஞ்சையும் தாய் வாய்க்குள் வைத்தே காப்பாற்றும். ஆடி மாதம் பார்த்தால் குட்டை முழுக்கப் பொடி ஜிலேபி. போட்ட தவிடு, புண்ணாக்கு எல்லாம் அதுக்கே போய்விட்டது. ரோகு கால் கிலோவைத் தாண்டவில்லை.

பெரியவரிடமே போய் நின்றேன். "இப்பத்தான் சார் விரால் வேணும்" என்றார்.

மூன்றாம் வருடம் ஐப்பசியில் விரல் நீளக் குஞ்சுகளாகப் பார்த்து விட்டேன். தை மாதம் அவை உள்ளங்கை அகலம் ஆன பிறகு, விரல் நீள விரால் குஞ்சு 20 விட்டேன். வாய்க்கு அடங்குவதைத்தான் விரால் விழுங்கும். வளர்ந்த கட்லா அடங்காது, பொடி ஜிலேபி அடங்கும். அந்த ஆடியில் ஜிலேபி கட்டுக்குள் இருந்தது. கட்லா முக்கால் கிலோ வந்தது. விராலுக்குத் தனி விலையும் கிடைத்தது.

ஒன்று முக்கியம். அறுவடையில் விராலை மிச்சம் வைக்காதீர்கள். சேற்றுக்குள் புதைந்து கிடக்கும். குட்டையை நன்றாகக் காயவிடுங்கள். அடுத்த குஞ்சு விடும்போது ஒன்று இருந்தாலும் முதல் வருடக் கதைதான்.

நீர்க்காகத்துக்குக் குட்டைக்குக் குறுக்கே கஜத்துக்கு ஒரு கயிறு கட்டினேன். வலை விரித்தால் பறவை சிக்கிச் சாகும், அது வேண்டாம். குஞ்சுகள் ஒளிய ஓரத்தில் தென்னை மட்டை போட்டிருக்கிறேன். தண்ணிப்பாம்புக்கு விஷம் கிடையாது. நாலு மீன் தின்றுவிட்டுப் போகட்டும்.

இப்போதெல்லாம் பேரன் விடுமுறைக்கு வந்தால் முதலில் அவன் கையில் இருக்கும் வாளியைத்தான் எட்டிப் பார்க்கிறேன்.