ஒரு மதிப்பெண் குறைந்தால் ரசிகர்கள் கொதிப்பது ஏன்?

பத்துக்கு ஏழு மதிப்பெண் அளித்ததற்காக விமர்சகர் ஒருவரின் இணையதளமே தாக்குதலுக்கு உள்ளாகி முடங்கியது. இது நடந்தது 2017 மார்ச் மாதத்தில். நிண்டெண்டோவின் 'செல்டா: பிரெத் ஆஃப் தி வைல்டு' வீடியோ கேமுக்கு ஜிம் ஸ்டெர்லிங் அளித்த அந்த மதிப்பெண்ணால், மெட்டாகிரிட்டிக் தளத்தில் அதன் சராசரி 98-லிருந்து 97 ஆனது. ஒரு புள்ளிதான் குறைந்தது.

பல ஊடகங்களின் மதிப்பெண்களைத் திரட்டி, நூற்றுக்கு இவ்வளவு என ஒரே எண்ணாகக் காட்டுகிறது மெட்டாகிரிட்டிக். எந்த ஊடகத்துக்கு எவ்வளவு முக்கியத்துவம் தருகிறது என்பதை அது வெளியிடுவதில்லை. ஆயினும் அந்த எண்ணுக்குப் பண மதிப்பு உண்டு. 2010-இல் வெளியான 'ஃபால்அவுட்: நியூ வேகாஸ்' 85 புள்ளிகள் பெற்றால் அதை உருவாக்கிய அப்சிடியன் நிறுவனத்துக்கு ஊக்கத்தொகை என்பது ஏற்பாடு. கிடைத்தது 84, ஊக்கத்தொகை கைநழுவியது.

பயனர்கள் தரும் மதிப்பெண்களிலும் சிக்கல் உண்டு. 'தி லாஸ்ட் ஆஃப் அஸ் 2' வெளியான சில மணி நேரத்திலேயே, விளையாடி முடிப்பதற்கு முன்பாகவே, பலர் பூஜ்யம் அளித்தனர். அதன்பின் 2020 ஜூலையில், பயனர்கள் கருத்திட 36 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என மெட்டாகிரிட்டிக் விதித்தது. விமர்சகர்களுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை.

இந்தியாவில் இதே பூசல் திரைப்படங்களைச் சுற்றி எழுகிறது. 2024 ஏப்ரலில் 'ஃபேமிலி ஸ்டார்' படத்துக்கு எதிராகத் திட்டமிட்ட பிரசாரம் நடப்பதாக நடிகர் விஜய் தேவரகொண்டா தரப்பினர் ஹைதராபாத்தின் மாதாப்பூர் காவல் நிலையத்தில் புகார் அளித்தனர். 'கங்குவா'வுக்குப் பின், முதல் 3 நாள்கள் விமர்சனங்களுக்கே தடை கோரித் தமிழ்த் தயாரிப்பாளர்கள் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடினர். விமர்சனம் கருத்துச் சுதந்திரம் என்றும், அவதூறு எனில் காவல் துறையை அணுகலாம் என்றும் கூறிய நீதிமன்றம், அந்த டிசம்பரில் இடைக்காலத் தடை விதிக்க மறுத்தது.